கடை உங்களுடையது, சாவி யாரிடம்?

என் பழைய மாணவன் ஒருவன் சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறான். போன வாரம் வாடிய முகத்தோடு வந்து நின்றான்.

"சார், வெப்சைட் திறக்க மாட்டேங்குது. செஞ்சு கொடுத்தவர் போனையே எடுக்கலை."

"டொமைன் பெயர் யார் பேர்ல பதிவாகியிருக்கு?"

"அவர் பேர்லதான் சார். எல்லாம் நானே பாத்துக்கிறேன்னு சொன்னார்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாதி இவன் மேல், மீதி அவர் மேல்.

கடையை வாடகைக்கு எடுக்கும்போது பத்திரத்தை நாலு தடவை படிக்கிறோமே, இதில் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறோம்? டொமைன் பெயர் ஒரேயடியாக வாங்குகிற சொத்து இல்லை. வருடக் கணக்கில் பதிவு செய்வது. பதிவில் யார் பெயரோ அவருக்கே உரிமை. புதுப்பிக்காமல் கெடு தாண்டினால் வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம். பையிலும் பில்லிலும் நீங்கள் அச்சடித்த முகவரி அந்நியர் கைக்குப் போய்விடும்.

"சின்ன வியாபாரிக்கு இதெல்லாம் புரியாது" என்கிறார்கள். ஜிஎஸ்டி புரிந்தவனுக்கு இது புரியாதா? சொல்லித் தராமல் இருப்பதே சிலருக்குப் பிழைப்பு!

படம் ஓடுவது, எழுத்து பறப்பது எல்லாம் அப்புறம். விலை, முகவரி, கடை நேரம், போன் நம்பர் முதலில். அவற்றை மாற்ற நீங்களே கற்றுக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்றாலும் வாத்தியார் வாத்தியார்தான். இன்றைய வீட்டுப்பாடம்: பதிவு உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில் இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டைக் கேட்டு வாங்குங்கள். புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறியுங்கள்.

செய்துவிட்டுக் கமெண்டில் சொல்லுங்கள்.