மருந்தடித்த வயலும் மாதர் தேக க்ஷேமமும்

பயிருக்குப் பூச்சிமருந்து தெளிப்பதைக் குறித்து நம் நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் பேசுமிடத்து, பயிரின் லாப நஷ்டமே பேச்சின் முதலும் முடிவுமாக இருக்கின்றது. மருந்து தெளிக்கும் ஆடவனின் பத்திரத்தைக் குறித்து ஓரிரு வார்த்தை சொல்வாரும் உளர். ஆனால், தெளித்த மறுநாளே அவ்வயலில் இறங்கிக் களை பறிக்கும் பெண்களைப்பற்றி எண்ணுவார் மிகச் சிலரே. இக்குறை நீங்கவேண்டும், அதை நீக்கும் சக்தியும் நிலமுடையவர் கையிலேயே இருக்கின்றது என்பதே நமது அபிப்பிராயம்.

முதலியார்பேட்டை இன்று நகரத்தோடு நகரமாகக் கலந்துவிட்டது. ஆயினும் கடலூர்ச் சாலை வழியே தெற்கே செல்வோர், அரியாங்குப்பத்துக்கு அப்பால் பாகூர் வரையில் நெல்லும் கரும்பும் விளையும் நிலங்களைக் காண்பர். அங்கே நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்கள் வேலை. அவர்கள் தெளிப்பானைத் தொடுவதில்லை. ஆகையால் அவர்களுக்கு அபாயமில்லை என்று பலரும் நம்புகின்றனர். இந்நம்பிக்கை தவறானது. இலையில் தங்கிய மருந்து, ஈரக் கைகளிலும் கால்களிலும் படிந்து தோல் வழியே உட்செல்லும். நனைந்த சேலை நாள் முழுவதும் உடலோடு ஒட்டியிருக்கும். கை கழுவாமல் உண்ணும் சோற்றோடும் மெல்லும் வெற்றிலையோடும் அது வாய்க்குள் புகும். மாலையில் கணவனுடைய மருந்துபட்ட வேட்டியைத் துவைப்பவளும் அவளே.

இவ்விஷயத்தில் ஆராய்ச்சியாளர் கண்டதைச் சுருக்கிக் கூறுவோம். பிரான்சு தேசத்து லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், 2015-ம் ஆண்டில் மாலத்தியான், டயசினான், கிளைபோசேட் என்னும் மூன்றையும் மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்று பெரிதும் கருதத்தக்க வகுப்பில் சேர்த்தது. டி.டி.டி.யும் அவ்வாண்டிலேயே அவ்வகுப்பில் வைக்கப்பட்டது. லிண்டேனோ, புற்றுநோயை விளைவிப்பது நிச்சயமென்னும் முதல் வகுப்பிலேயே வைக்கப்பட்டது.

அமெரிக்காவில் அயோவா, வடகரோலினா மாகாணங்களின் விவசாயக் குடும்பங்களை 1993 முதல் தொடர்ந்து கவனித்து வருகின்றனர். மருந்து தெளிப்போரின் மனைவியர் 30,000-க்கு மேற்பட்டோரைப்பற்றி 2015-ல் ஓர் அறிக்கை வெளிவந்தது. மாலத்தியான், டயசினான் முதலிய பாஸ்பரஸ் இன மருந்துகளைத் தாமே கையாண்ட பெண்களிடம் மார்பகப் புற்றுநோய், கையாளாதவரிடம் 100 பேருக்கு நேர்ந்தால் 120 பேருக்கு என்ற விகிதத்தில் காணப்பட்டது. மாலத்தியானைக் கையாண்டோரிடம் தைராய்டுப் புற்றும், டயசினானைக் கையாண்டோரிடம் கருப்பைக்கு அருகேயுள்ள சினைப்பையின் புற்றும் மிகுந்திருந்தன. ஒரு நோய்க்குக் காரணங்கள் பல. வயது, வமிசம், புகையிலை யாவும் அவற்றில் அடங்கும். இவ்வொரு கணக்கைக்கொண்டு மருந்தே காரணம் என்று தீர்ப்புக் கூறுதல் முறையன்று. ஆயினும் சந்தேகம் முற்றும் தீரும்வரை கூலிப்பெண்களின் தேகத்தையே சோதனைக் களமாக விட்டு வைப்பதும் முறையாகாது. டயசினானை நம் இந்திய சர்க்கார் 2018-ல் தடை செய்தனர். பிரான்சு தேசத்தார், பூச்சிமருந்தால் நேரும் ஒருவகை இரத்தப் புற்றை 2015-ல் விவசாயத் தொழில்நோயாகவே அங்கீகரித்து, நஷ்டஈட்டுக்கும் வழி செய்தனர்.

மருந்துப் புட்டியின்மேல் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற முக்கோணக் குறி இருப்பதை யாவரும் அறிவர். பச்சையாயிருந்தால் பயமில்லை என்று கருதுவோர் உண்டு. அக்குறி, மருந்து உடனே உயிரை வாங்கும் வேகத்தை மட்டுமே காட்டுவது. பல ஆண்டுகள் சிறிது சிறிதாகப் படிந்து பின்னர் தோன்றும் தீங்கைப்பற்றி அது யாதொன்றும் சொல்வதில்லை.

ஆலைத் தொழிலாளியின் நிலையை இங்கே நினைத்துப் பார்க்கலாம். 1936 ஜூலை 30-ந் தேதி புதுவையில் ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். அதன் பின்னரே இங்கு எட்டுமணி நேர வேலை சட்டமாயிற்று. ஆலைக்கு வாசலும் வருகைப் பதிவேடும் உண்டு. வயலுக்கு அவை இல்லை. எந்தப் பெண் எந்த நாளில் எம்மருந்து பட்ட பயிரில் நின்றாள் என்பதற்குச் சான்றே இராது. பின்னாளில் அவள் ஜிப்மர் மருத்துவமனைக்குச் சென்றாலும், "கூலி வேலை" என்ற ஒரு சொல்லைத் தவிர அவளால் வேறு சொல்ல முடிவதில்லை.

ஆகவே நிலமுடையோர் செய்யவேண்டுவன சில. முதலாவது, களை பறித்த பின்னரே மருந்து தெளிக்க ஏற்பாடு செய்க. இதற்குக் காலணா செலவில்லை. பூச்சி மிகுந்து முன்னரே தெளிக்க நேர்ந்தால், இலை முற்றும் உலர்ந்து ஒரு நாளாவது கழியும்வரை ஒருவரையும் வயலில் இறக்கலாகாது. மருந்துத் தாளில் அதிக நாள் குறித்திருந்தால் அதுவே கணக்கு. அந்நாளில் கூலியிழக்கும் பெண்களுக்கு வேறு நிலத்திலாவது களத்திலாவது வேலை கொடுக்கவேண்டும். வரப்பில் நீரும் சோப்பும் வைத்து, உண்ணுமுன் கை கழுவச் செய்க. மருந்துபட்ட துணியை வீட்டுத் துணியோடு சேராமல் தனியே துவைக்கச் சொல்க. காலிப் புட்டிகளை எக்காரணத்தாலும் வீட்டுக்குக் கொடுக்கலாகாது. கர்ப்பிணிகளையும் பாலூட்டுவோரையும் மருந்து பட்ட வயலில் இறக்கவே வேண்டாம்.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கதும் உண்டு. இன்ன வயலில் இன்ன மருந்து இன்ன தேதியில் தெளிக்கப்பட்டது என்பதை ஒரு சிறு பலகையில் எழுதி வரப்பில் நடுவிக்கலாம். உழவர் உதவியகங்களில் அதற்கு ஒரு குறிப்பேடும் வைக்கலாம். நாளை ஒரு வைத்தியர் விசாரித்தால், அக்குறிப்பு அப்பெண்ணுக்குச் சாட்சியாக நிற்கும்.

களைக்குரிய தேதியைக் குறிப்பவர் நிலமுடையவர். கூலிப்பெண் அதைக் கேட்டு வருகிறவள் மாத்திரமே. வயலில் இறங்காதே என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சுதந்தரம் அவளுக்கில்லை. ஆதலால் அதைச் சொல்லவேண்டிய பொறுப்பு, தேதி குறிப்பவரையே சார்ந்ததாகும். வருகிற பட்டத்தில் தெளிப்பானை எடுக்குமுன், களை முடிந்ததா என்று ஒவ்வொருவரும் ஒருமுறை கேட்டுக்கொள்வார்களாக.