காசின் பெயரும் காசின் காலமும்: பிற்கால உரோமப் பேரரசர் காசுகளைத் தமிழாய்வு கையாளும் முறை குறித்துச் சில கருத்துகள்

முன்னுரை

மாமல்லபுரத்தில் உரோமப் பேரரசர் தியோடோசியசின் காசு கிடைத்தது என்பது தொண்டை நாட்டுக் கடற்கரை குறித்து எழுதுவோர் தவறாது குறிப்பிடும் செய்தியாகும். அச்செய்தியை அடுத்து, ஆகவே இத்துறைமுகம் சங்க காலத்திலேயே யவன வணிகத்தில் சிறந்து விளங்கியது என்ற முடிவும் பெரும்பாலும் வந்துவிடும். இக்கட்டுரையாளரின் ஆய்வியல் நிறைஞர் பட்ட ஆய்வேட்டிலும் இவ்விரு தொடர்களும் அடுத்தடுத்து நின்றன. பெரும்பாணாற்றுப்படை காட்டும் நீர்ப்பெயற்றுத் துறைமுகத்திற்குப் புறச்சான்றாக அக்காசு அங்கே எடுத்துக்காட்டப்பட்டது. நெறியாளரோ புறத்தேர்வாளரோ வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்த அவையினரோ அதனை வினவவில்லை. எழுதியவருக்கும் ஐயம் எழவில்லை.

அத்தொடர் பிழையானது. பெரும்பாணாற்றுப்படை கி.பி. 3ஆம் நூற்றாண்டிற்கு முற்பட்டது அல்லது அதனை ஒட்டியது என்பது அறிஞர் பலரின் கருத்து. முதலாம் தியோடோசியஸ் அரியணை ஏறியதோ கி.பி. 379இல். பாட்டு எழுந்த காலத்தில் அச்சிடப்படாத காசு அப்பாட்டிற்குச் சான்றாக முடியாது. இப்பிழை ஒருவருடையது மட்டுமாயின் இங்கே எழுத வேண்டிய தேவையில்லை. பிற்கால உரோமப் பேரரசர் பெயர்தாங்கிய காசுகளைத் தமிழாய்வு கையாளும் முறையிலேயே இப்பிழைக்கு இடம் உள்ளது என்பதும், அக்காசுகள் சங்க காலத்திற்கு அன்றி அதனை அடுத்த நூற்றாண்டுகளுக்கே உரிய அரிய சான்றுகள் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

ஒரே பெயர், இரு பேரரசர்

4, 5ஆம் நூற்றாண்டுகளில் தியோடோசியஸ் என்னும் பெயரில் ஆண்ட பேரரசர் இருவர். முதலாமவர் 379 முதல் 395 வரை ஆண்டார். அவர் பேரனாகிய இரண்டாமவர் 402 முதல் 450 வரை கான்ஸ்டான்டிநோபிளில் ஆண்டார். இருவர் காசுகளிலும் முகத்தைச் சுற்றி வரும் பொறிப்பு ஒன்றே. 'நம் தலைவர்' என்னும் பொருள்தரும் இலத்தீன் சுருக்கம் முதலில் வரும். அடுத்துப் பெயரும், 'பியுஸ் பெலிக்ஸ் அவுகுஸ்துஸ்' என்னும் பட்டங்களின் சுருக்கமும் வரும். முதலாமவர், இரண்டாமவர் என்னும் எண் காசில் இராது. அவ்வெண்கள் பிற்கால வரலாற்றாசிரியர் இட்டவை. மணிமுடி சூடிய முகமும் ஆளை அடையாளம் காட்டும் உருவம் அன்று. அக்காலப் பேரரசர் அனைவர்க்கும் ஏறத்தாழ ஒரே முகமே பொறிக்கப்பட்டது.

ஆகவே பெயரை மட்டும் கொண்டு 4ஆம் நூற்றாண்டா 5ஆம் நூற்றாண்டா என்று துணிய இயலாது. காலத்தை உணர்த்துவது பின்பக்கமே. கைதியை இழுத்துச் செல்லும் வெற்றித் தெய்வத்தின் உருவம் ஏறத்தாழ 388 முதல் சிறு செப்புக் காசுகளில் பெருவழக்காயிற்று. இரண்டாம் தியோடோசியசின் சிறு காசுகளில் மாலைக்குள் அமைந்த சிலுவை மிகுதி. ஐந்தாண்டு, பத்தாண்டு ஆட்சி நிறைவை ஒட்டி நேர்ந்துகொண்ட வேண்டுதல்களைக் குறிக்கும் எண்களும் மாலைக்குள் வரும்; அவ்வெண்களைக் கொண்டு ஆண்டையே நெருங்கிவிடலாம். அடியில் உள்ள சிற்றெழுத்துகள் அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா, கான்ஸ்டான்டிநோபிள் முதலிய அக்கசாலைகளுள் எது அதனை வெளியிட்டது என்று தெரிவிக்கும். நம் நூல்களில் இக்காசு மேற்கோளாக வரும்போது பின்பக்கமும் அக்கசாலைக் குறியும் எடையும் பெரும்பாலும் விடுபட்டுப் பேரரசர் பெயர் மட்டுமே எஞ்சுகிறது. காலத்தைக் காட்டும் பகுதியை விடுத்து, அதனைக் காட்டாத பகுதியை மட்டும் மேற்கோளாக்குகிறோம்.

ஆண்டவர் மறைந்தபின் வாழும் பெயர்

பெயருக்கும் காலத்திற்கும் இடையே உள்ள தொலைவை உணர உரோமுக்குச் செல்ல வேண்டியதில்லை. அச்சிறுபாக்கத்திலிருந்து தென்கிழக்கே கடற்கரைக்குச் சென்றால் கடப்பாக்கத்தை அடுத்து ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகளைக் காணலாம். 18ஆம் நூற்றாண்டில் அங்கே நாணயச்சாலை இருந்தது. சென்னையில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அச்சிட்ட ஆர்க்காட்டு ரூபாயில் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும் ஹிஜ்ரி 1172 என்னும் ஆண்டும் 6ஆம் ஆட்சியாண்டும் காணப்படும். அப்பேரரசர் 1759இல் கொல்லப்பட்டார். அதே பெயரும் அதே ஆண்டும் பொறித்த ரூபாய்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சென்னை நாணயச்சாலையிலிருந்து வெளிவந்தன. அவற்றை மட்டும் கொண்டு ஒருவர் 1810இல் சென்னையை இரண்டாம் ஆலம்கீர் ஆண்டார் என்று எழுதினால் நாம் நகைப்போம்.

உரோமிலும் இவ்வாறு நிகழ்ந்தது. கான்ஸ்டன்டைன் 337இல் இறந்தபின் அவர் மக்கள் அவர் பெயரிலேயே செப்புக் காசுகள் வெளியிட்டனர். அவற்றுள் ஒருவகையில் முக்காடிட்ட முகம் முன்பக்கத்திலும், நான்கு குதிரை பூட்டிய தேரில் விண்ணேறும் உருவம் பின்பக்கத்திலும் அமைந்தன. இலங்கையிலோ உள்ளூரார் உரோமச் செப்புக் காசுகளைப் பார்த்து வார்ப்பும் அச்சும் செய்தனர். அவற்றில் முகம் உண்டு. முகத்தைச் சுற்றி எழுத்துப்போன்ற கோடுகளும் உண்டு. ஆயின் அவை படிக்கத்தக்க எழுத்துகள் அல்ல. உரோமப் பேரரசிற்குள்ளேயே 4ஆம் நூற்றாண்டின் சிறு காசுகள் அடுத்த நூற்றாண்டிலும் அதற்குப் பின்னரும் கைமாறி வந்தன. எனவே பேரரசர் பெயர் நமக்குத் தருவது மேலெல்லை மட்டுமே. இக்காசு இவ்வாண்டிற்கு முன் இங்கு வந்திருக்க இயலாது என்பதே அதன் வாக்குமூலம். எப்போது வந்தது, எவர் கையில் எத்தனை காலம் இருந்தது என்பவற்றை அது கிடைத்த மண்ணடுக்குதான் சொல்ல வேண்டும்.

அச்சிறுபாக்கம் என்னும் பெயர்க்கு, முப்புரம் எரிக்கச் சென்ற இறைவனின் தேர் அச்சு இற்ற இடம் என்று தலபுராணம் விளக்கம் தருகிறது. சம்பந்தர் பாடிய அவ்வூரின் பழமையை நிறுவ முனையும் எவரும் அத்தேரின் அச்சு முறிந்த ஆண்டைத் தேடுவதில்லை. கல்வெட்டையும் பதிகத்தையும் கட்டடத்தையும் நாடுகின்றனர். ஊர்ப்பெயரிடம் காட்டும் இந்த எச்சரிக்கையைக் காசின் பெயரிடமும் காட்டுதல் வேண்டும்.

பொன்னும் செம்பும்

மற்றொரு மயக்கம், உரோமக் காசுகள் அனைத்தையும் ஒரே தொகுதியாகக் கருதுவதாகும். அகநானூறு 149ஆம் பாடல் யவனர் பொன்னைக் கொண்டுவந்து மிளகைப் பெற்றுச் சென்றதைக் கூறுகிறது. அப்பாடலின் உலகிற்கு ஒத்தவை முற்காலப் பேரரசரின் பொற்காசும் வெள்ளிக்காசும் ஆகும். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த பொற்காசுப் புதையலில் 501 காசுகள் இருந்தன. அவற்றுள் கடைசியானவை கி.பி. 69 முதல் 79 வரை ஆண்ட வெஸ்பாசியன் காலத்தவை; பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகம் உளியால் வெட்டப்பட்டிருந்தது. அக்காசுகளில் மக்கள் மதித்தது பொன்னையே, பேரரசரை அன்று.

பிற்காலச் செப்புக் காசின் இயல்பு வேறு. பல ஏறத்தாழ 1 கிராம் எடையுடையவை. ஒரு சென்டிமீட்டரைச் சற்றே மிஞ்சும் விட்டமுடையவை. மிளகு மூட்டைக்கு விலையாகக் கடல் கடந்து வரத்தக்க மதிப்பு அவற்றிற்கு இல்லை. அவை புதைத்துப் பாதுகாக்கப்பட்ட செல்வமும் அல்ல. ஆற்று மணலில் சிதறிக் கிடைப்பவை. நாணயவியல் அறிஞரும் இதழாசிரியருமான இரா. கிருஷ்ணமூர்த்தி கரூர், மதுரை, திருக்கோவலூர் ஆகிய இடங்களில் கிடைத்த பிற்கால உரோமச் செப்புக் காசுகளை 1994இல் தனி நூலாக்கினார். மூன்றும் ஆற்றங்கரை ஊர்கள் என்பது கருதத்தக்கது. இக்காசுகள் பழைய உலோகமாக வந்தன என்பாரும், சில்லறையாகப் புழங்கின என்பாரும் உளர். எவ்வாறாயினும், பொன்னுக்கு மிளகு என்னும் பாடலின் சித்திரத்தை இச்செப்பின்மேல் பொருத்துதல் தகாது.

இடைவெளிக்குரிய சான்று

பெரும்பாணாற்றுப்படைக்கும், மாமல்லன் என்னும் நரசிம்மவர்மன் ஆண்ட 7ஆம் நூற்றாண்டிற்கும் இடையே ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் உள்ளன. பின்னர்த் திருமங்கையாழ்வார் கடல்மல்லையில் பொருள் நிறைந்த கலங்கள் நிற்பதைப் பாடுகிறார். ஆற்றுப்படையின் துறைமுகமும் ஆழ்வாரின் துறைமுகமும் நம் இலக்கிய வரலாற்றில் அடுத்தடுத்த பக்கங்களில் நிற்கின்றன. இடைப்பட்ட காலத்திற்கு 'இருண்ட காலம்' என்னும் பெயரே தரப்பட்டது. தியோடோசியஸ் இருவருள் எவருடையதாயினும் அக்காசு அந்த இடைவெளிக்கு உரியது. சங்க காலத்திற்குக் கூடுதல் சான்றாக அதனை வைக்கும்போது, சான்று மிகுந்த காலத்திற்கு ஒன்றைச் சேர்க்கிறோம். சான்று அருகிய காலத்திடமிருந்து ஒன்றைப் பறிக்கிறோம்.

1979இல் கண்டறியப்பட்ட பூலாங்குறிச்சிக் கல்வெட்டு, அவ்விருள் நம் அறியாமையின் இருளே என்று உணர்த்தியது. அழகன்குளத்தில் 1986 முதல் பல கட்டங்களாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை நிகழ்த்திய அகழாய்வுகளில் இரண்டாம் வாலண்டினியன் உள்ளிட்ட பிற்காலப் பேரரசரின் காசுகள் வெளிப்பட்டன. பாண்டிய நாட்டுக் கடற்கரை அக்காலத்திலும் உறங்கவில்லை என்பதற்கு அவை சான்று. பாலாற்று முகத்தில் உள்ள வசவசமுத்திரத்தில் அதே துறை அகழ்ந்து உறைகிணறுகளையும் செங்கல் தொட்டிகளையும் சாடித் துண்டுகளையும் வெளிக்கொணர்ந்தது, இரா. நாகசாமியும் அப்துல் மஜீதும் எழுதிய அறிக்கை 1978இல் வெளிவந்தது. தமிழகத்தில் உரோமச் சாடிகள் எனக் கொள்ளப்பட்டவற்றுள் ஒரு பகுதி மெசொப்பொத்தேமியப் பகுதியின் டார்பிடோ சாடிகள் என்று பின்னைய ஆய்வாளர் காட்டியுள்ளனர். 'உரோம' என்னும் ஒற்றை அடைமொழி காசில் செய்த மயக்கத்தையே சாடியிலும் செய்துள்ளது.

மறுப்பும் விடையும்

ஒரு காசைக் கொண்டு நானூறு ஆண்டு இடைவெளியை நிரப்பலாமா என்று வினவலாம். நிரப்ப இயலாது. மண்ணடுக்கு அறியாத ஒரு காசு துறைமுகம் இயங்கியது என்பதை நிறுவாது. பிற்காலத்தில் ஒருவர் அங்குத் தவறவிட்டதாகவும் இருக்கலாம். ஆயின் இத்தடை சங்க காலத்திற்கு அக்காசைச் சான்றாக்கும்போது இன்னும் வலுவாகப் பொருந்தும். இடைவெளிக்கு அது வலுக்குறைந்த சான்று. சங்க காலத்திற்கு அது சான்றே அன்று. காசுகளை ஆராய்தல் தொல்லியலார் பணி, தமிழாய்வாளர் பணி அன்று என்றும் கூறலாம். தமிழாய்வாளர் இலக்கியக் காலத்தை நிறுவக் காசை எடுத்தாள்கின்றனர். எடுத்தாள்பவர்க்கு அதனைப் படிக்கும் கடமையும் உண்டு. பாடவேறுபாடு பாராமல் பாடலை மேற்கோள் காட்டுவதை ஏற்காத துறை, பின்பக்கம் பாராமல் காசை மேற்கோள் காட்டுவதையும் ஏற்றல் ஆகாது.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, ஆய்வேட்டிலோ ஆய்விதழிலோ காசு சான்றாக வரும்போது பேரரசர் பெயரும் ஆட்சியாண்டுகளும், பின்பக்க உருவம், அக்கசாலைக் குறி, எடையும் விட்டமும், கிடைத்த இடமும் முறையும் ஆகிய ஐந்தும் குறிக்கப்படல் வேண்டும். தேய்ந்து தெரியாதவற்றைத் 'தெரியவில்லை' என்றே எழுதலாம். மதிப்பீட்டாளர் இவ்வைந்தையும் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

இரண்டாவதாக, கல்வெட்டியல் கற்பிக்கும் தமிழ்த்துறைகள் காசின் இரு பக்கங்களையும் படித்து எழுதும் பயிற்சியையும் அதனுடன் சேர்த்தல் நன்று. இதற்குப் பெருஞ்செலவு இல்லை. உருப்பெருக்காடியும் சிறு தராசும் போதும்.

மூன்றாவதாக, மதுராந்தகம், செய்யூர், திருக்கழுக்குன்றம் வட்டங்களின் கடற்கரை ஊர்களிலிருந்து மாணவர் நம் வகுப்புகளுக்கு வருகின்றனர். பாலாற்று முகத்திலும் உப்பங்கழிக் கரைகளிலும் மண் எடுக்கும்போது கிடைக்கும் பச்சை படிந்த சிறு செப்புத் துண்டுகள் பழைய உலோகத்தோடு எடைக்குப் போகக்கூடும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் குறித்து மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்குமாறு பணிக்கிறது. தனித்துக் கிடைக்கும் தேய்ந்த செப்புக் காசைப் புதையல் என்று எவரும் எண்ணுவதில்லை. அதனை எடுத்த இடத்தைக் குறித்துவைத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கும் பழக்கத்தை நம் மாணவர் வழியே ஊர்களில் ஏற்படுத்த இயலும்.

முடிவுரை

இவ்வாய்வாளர் தம் ஆய்வியல் நிறைஞர் ஏட்டின் அத்தொடரை முனைவர் பட்ட ஆய்வேட்டில் திருத்தி எழுதியுள்ளார். நீர்ப்பெயற்று குறித்த இயலிலிருந்து காசு நீக்கப்பட்டு, சங்கத்திற்கும் பல்லவர்க்கும் இடைப்பட்ட தொண்டை நாட்டைப் பற்றிய இயலில் ஐயக்குறிப்புடன் வைக்கப்பட்டுள்ளது. முன்னைய இயலின் வாதம் இதனால் சற்று மெலிந்தது. பின்னைய இயல் முன்பு இல்லவே இல்லை. சங்க காலத்தின் பெருமை ஒரு காசு குறைவதால் குன்றாது. அதனை அடுத்த நூற்றாண்டுகளுக்கோ ஒவ்வொரு காசும் வேண்டும்.