நடந்த பிறகுதான் முன்பள்ளியா?

"பிள்ளை முதலில் நடக்கட்டும், பிறகு முன்பள்ளிக்கு விடலாம்" என்ற பேச்சு யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் அக்கறையின் சொல்லாகவே வழங்குகின்றது. 1823ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மிசனரிமார் நிறுவிய செமினரியால் கல்விக்குப் பேர்பெற்ற வட்டுக்கோட்டையும் இதற்கு விலக்கன்று. ஆயினும் பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்கு, அதாவது வளரும் மூளைக்கு நேர்ந்த பாதிப்பினால் தசைகளின் கட்டுப்பாடு குன்றிய பிள்ளைக்கு, இந்த அக்கறை இழைக்கும் தீங்கு பெரிது.

சில பிள்ளைகள் பிந்தி நடப்பதுண்டு என்பது உண்மையே. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவீட்டின்படி, நலமான பிள்ளைகள் ஏறத்தாழ 8 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையில் தனித்து நடக்கத் தொடங்குகின்றனர். அதற்கு அப்பாலும் வைத்தியரிடம் காட்டாது காத்திருப்பது பொறுமையன்று. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளைத் தொடர்ந்து அவதானித்து 2002இல் வெளியான ஆய்வு, பாதிப்பு மிகக் குறைந்த பிள்ளைகள் தம் இயக்கத் திறனில் எட்டக்கூடியதன் 90 வீதத்தை ஏறத்தாழ 5 வயதிலும், பாதிப்பு மிகக் கூடியோர் 3 வயதுக்கு முன்னரும் எட்டிவிடுவதைக் காட்டியது. இவர்களுள் சிலருக்கு நடை வராமலே போகலாம். அவர்களிடம் நடையை அனுமதிச் சீட்டாகக் கேட்பது முன்பள்ளியின் படலையை ஒரேயடியாகச் சாத்துவதாகும்.

இயன்மருத்துவம், அதாவது உடலியக்கத்தைப் பயிற்சியால் வளர்க்கும் சிகிச்சை, எண்ணெய் பூசி உருவுவதென்றும் வைத்தியசாலைக் கட்டிலோடு முடிவதென்றும் கருதப்படுவதே இத்தவறின் வேர். பிள்ளை தானே விரும்பி ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கும்போதுதான் அசைவு கைகூடுகின்றது. பாயில் இருத்தப்பட்ட பிள்ளை, விழாமலிருக்க இரு கைகளையும் நிலத்தில் ஊன்றிக்கொள்வதால், மஞ்சாடி விதை பொறுக்க அதற்குக் கையில்லை. அதே பிள்ளையை, இடுப்பு பின்பலகையோடு பொருந்தவும் பாதம் முழுதும் கீழ்ப்பலகையில் படியவும் அளவெடுத்துச் செய்த கதிரையில் இருத்தி, முன்னே ஒரு மேசையை இட்டால் கைகள் விடுபடுகின்றன. பக்கத்துப் பிள்ளை விதையைக் கிண்ணத்தில் போடுவதைக் கண்டு அதுவும் போட முனைகின்றது. அந்த ஆசையை மூட்டச் சிகிச்சை அறையில் இன்னொரு பிள்ளை இல்லை.

விஜயதசமியில் ஏடு தொடக்கும்போது பெரியவர் பிள்ளையை மடியில் இருத்தி, விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கின்றாரே அன்றி, நடந்து காட்டு என்று கேட்பதில்லை. மடியில் இருந்தபடியே எழுத்தைத் தொடங்கலாம் என்று ஏற்ற சமூகம், கதிரையில் இருந்தபடி படிக்கலாகாது என்று சொல்வது எவ்வகையில் பொருந்தும்?

ஓர் ஆசிரியை இருபது பிள்ளைகளோடு இதையும் சுமப்பது எவ்வாறு என்ற கேள்வி நியாயமானது. குறைந்த வேதனத்தில் உழைக்கும் அவர்மீது முழுப் பாரத்தையும் ஏற்றாமல், இயன்மருத்துவர் முன்பள்ளிக்கே வந்து, பிள்ளையைத் தூக்கும் முறையையும் இருத்தும் முறையையும் காட்டிக்கொடுக்க வேண்டும். பிள்ளையைச் சேர்க்காமல் விடுவதற்கு அக்கேள்வி நியாயமாகாது. கல்வி நிறுவனங்களில் சேர்க்கும்போது இயலாமையைக் காட்டிப் பாகுபடுத்தலாகாது என்று இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் விதித்துள்ளது.

முன்பள்ளிகளை நடத்தும் சனசமூக நிலையங்கள் அடுத்த ஆண்டுப் பதிவின்போது, "பிள்ளை நடக்குமா?" என்று பெற்றோரைக் கேட்பதை விடுத்து, பிள்ளைக்கு எந்த உயரத்தில் கதிரை வேண்டும் என்று கேட்கட்டும்.