திரும்பாதே மச்சி!

'இண்டியானா ஜோன்ஸ்' ஹாரிசன் ஃபோர்டு ஞாபகம் இருக்குல்ல? மனுஷர் நிஜத்துலயும் பைலட். 2015 மார்ச் 5-ம் தேதி, 72 வயசுல, 1942-ல் தயாரான ரயான் பிடி-22 குட்டி விமானத்தை சான்டா மோனிகாவிலிருந்து கிளப்பினார். கொஞ்ச நேரத்துலயே இன்ஜின் மக்கர்! கார்புரேட்டருக்குள்ள மெயின் ஜெட் கழன்று, பெட்ரோல் ஓவரா பாய்ஞ்சதுதான் காரணம்னு விசாரணையில தெரிஞ்சது. (நம்ம பழைய டூ-வீலர் தொல்லையேதான். ஆனா, பைக்னா ஓரங்கட்டிடலாம்!)

அந்த நேரத்துல எந்த பைலட்டுக்கும் தோணுறது, 'ரன்வே பின்னாடிதானே இருக்கு, திரும்பிடுவோம்'. அங்கதான் இருக்கு ஆபத்து. மேல ஏறும்போது விமானத்தோட மூக்கு நிமிர்ந்திருக்கும். இன்ஜின் நின்னா வேகம் மளமளன்னு குறையும். உடனே மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாத்தணும். 45 டிகிரி சாய்ஞ்சு திரும்பினா, பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகமே சுமார் 19 சதவிகிதம் எகிறிடும். அந்த வேகம் இல்லேன்னா 'ஸ்டால்'. இறக்கை தாங்காது, தொபுக்கடீர்! அதனால, உயரம் பத்தலைன்னா எதிர்ல எங்க காலி இடமோ அங்கேயே இறக்குன்னுதான் சொல்லிக் கொடுப்பாங்க. திரும்புறதுக்கு பைலட்டுங்க வச்ச பேரே 'இம்பாசிபிள் டர்ன்'.

ஃபோர்டும் திரும்பத்தான் பார்த்தார். ரன்வே எட்டாதுன்னு புரிஞ்சதும் பக்கத்துல இருந்த பென்மார் கோல்ஃப் மைதானம்தான் கதி. மர உச்சியில இடிச்சு, தரையில மோதி, இடுப்பெலும்பும் கணுக்காலும் உடைஞ்சது. அங்க கோல்ஃப் ஆட வந்திருந்த ஒரு டாக்டர் ஓடி வந்து உதவினார். தோள்பட்டை பெல்ட்டைப் பொருத்தியிருந்த விதமே சரியில்லைன்னு விசாரணையில ஒரு குட்டு வேற!

குணமானதும் ஆள் மறுபடி காக்பிட்ல ஏறிட்டார். 2017 பிப்ரவரியில ரன்வேக்குப் பதிலா டாக்ஸிவேயில இறக்கினது தனிக் கதை!