தாத்தா துப்பாக்கிக்கு ஒரு கட்டை

டில்லியில் இருக்கும் தம்பியிடம் ஊர்க்காரர்கள் என்னென்னவோ கேட்பார்கள். தட்கல் டிக்கெட், எய்ம்ஸ் அப்பாயின்ட்மென்ட், குங்குமப்பூ. என் அண்ணன் கேட்டது துப்பாக்கிக் கட்டை. "வால்நட் மரமெல்லாம் உங்க பக்கந்தானடா, ஒண்ணு வாங்கி பார்சல்ல போடு" என்றார். (இங்கே அதைக் 'குந்தா' என்கிறார்கள்.)

தாத்தா போடி மலையில் ஏலத்தோட்டம் வைத்திருந்தபோது வாங்கிய ரைஃபிள் அது. இச்சாப்பூரில் செய்த .315. காட்டுப்பன்றிக்கென்று வாங்கியது, 1972 வனவிலங்குச் சட்டத்தோடு வேட்டை போச்சு. லைசென்ஸ் மட்டும் அப்பா, அண்ணன் என்று கை மாறி வந்திருக்கிறது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். கடைசியாகத் திரும்பி வந்தபோது கட்டையின் கழுத்தில் விரிசல். யாரிடம் போய்க் கேட்பது?

அண்ணன் மகன் பிளாஸ்டிக் கட்டை போடலாம் என்கிறான். அண்ணி, "சுடவும் முடியாது, விக்கவும் மனசில்ல, சரண்டர் பண்ணிடுங்க" என்கிறார். அண்ணி சொல்வதிலாவது ஒரு நியாயம் இருக்கிறது. பிளாஸ்டிக்குக்கு நான் ஒப்ப மாட்டேன். தாத்தாவின் கன்னம் பட்டுப் பட்டுக் கறுத்த இடம் அந்த மரத்தில்தான் இருக்கிறது, இரும்பில் இல்லை.

பார்சலும் ஆகாத காரியம். கட்டை என்பது செருப்பு மாதிரி நம்பர் சொல்லி வாங்குவதில்லை. இரும்பில் விளக்குக்கரி பூசி மரத்தில் அழுத்துவார்கள். கரி ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டுவார்கள். மறுபடி அழுத்துவார்கள். இப்படி எத்தனையோ தடவை. சரியாக உட்காராவிட்டால் சுடும்போது வரும் உதை ஒரே இடத்தில் விழுந்து புதுக் கட்டையும் பிளக்கும். ஆகவே துப்பாக்கி ஆசாரியின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அண்ணன் லைசென்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டும்தான் செல்லும், அதை இங்கே கொண்டு வரவே முடியாது. மரவேலைதானே என்று தெருமுனைத் தச்சரிடமும் கொடுக்கக்கூடாது. துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். தச்சருக்கு நல்லெண்ணத்தில் வம்பு வாங்கிக் கொடுத்துவிடுவோம் :-)

இன்னொன்று, பழைய லீ என்ஃபீல்டு அமைப்பில் பின்கட்டைக்குள் நீளமான போல்ட் ஒன்று ஓடும். முன்கட்டையைக் கழற்றாமல் அதைத் திருகினால் முன்கட்டையும் போய்விடும். தெரியாதவர் கை வைக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

என் கட்சி இதுதான்: மாற்றுவதைப் பற்றிப் பேசும் முன் ஒட்டிப் பாருங்கள். கழுத்து விரிசல் துப்பாக்கிகளுக்குச் சகஜம். எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டு, எபாக்ஸி இறக்கி, உள்ளே குறுக்காகப் பித்தளை ஆணி கொடுத்தால் பல கட்டைகள் பிழைத்துக்கொள்ளும். நாம் பாசத்தில் ஊற்றும் எண்ணெய்தான் பாதி வில்லன். குழாய் மேலே பார்க்க நிறுத்தி வைத்தால் எண்ணெயெல்லாம் மரத்தில் இறங்கி அதை மெத்தென்று ஆக்கிவிடும்.

ஒட்டியும் தாங்கவில்லை என்றால் வால்நட்தான். கனம் குறைவு, உதையைத் தாங்கும், காய்ந்த மரம் முறுக்காது. காய்ந்த பலகை கிடைத்தால் நானே வாங்கி அனுப்புகிறேன் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். இழைப்பது அங்கேதான். பழைய கட்டையை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் அடுப்பில் வைத்துவிடாதீர்கள் என்று அண்ணியிடம் தனியாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.