அனுப்பிய அரசே சாட்சி

ராணுவத்திலிருந்து விடைபெறும் ஒரு சிப்பாய் வீட்டுக்கு எடுத்துவரும் பொருள்களில் விலைமதிப்பற்றது அவரது படைவிலகல் சான்று. "டிஸ்சார்ஜ் புக்' என்று முன்னாள் படைவீரர் குடும்பங்களில் வழங்கும் அந்தச் சிறு புத்தகம்தான் அவர் எந்த நாளில் சேர்ந்தார், எங்கே பணியாற்றினார், என்ன பதக்கம் பெற்றார், எந்த உடல்நிலையில் வெளியேறினார் என்பதையெல்லாம் உலகுக்குச் சொல்லும் ஒரே ஆவணம். ஓய்வூதியம், மருத்துவ வசதி, பிள்ளைகளின் கல்விச் சலுகை, அவருக்குப் பின் மனைவிக்குரிய குடும்ப ஓய்வூதியம் அனைத்துக்கும் அதுவே அடிப்படை.

அந்தப் புத்தகத்தில், கடல் கடந்து சென்று பணியாற்றிய காலத்தைக் குறிக்கும் ஒரு வரி விடுபட்டுப் போனால் என்னவாகும்? போர்முனைக்குச் சென்றவர் போகாதவர் ஆகிறார். அங்கே பெற்ற காயம், எங்கோ விளையாட்டுத் திடலில் பட்ட காயத்துக்கு இணையாகிறது. விடுபட்டதைச் சேர்க்கக் கோரினால், "நீங்கள் சென்றதற்கு ஆதாரம் என்ன?' என்று, அவரை அனுப்பிவைத்த அரசே அவரிடம் கேட்கிறது.

வெளிநாட்டுப் பணி என்றவுடன் தென்னிந்தியப் படைவீரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இலங்கை. 1987-ம் ஆண்டு ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைத் தொடர்ந்து அங்கு சென்ற இந்திய அமைதி காக்கும் படை, 1990 மார்ச் 24-ல் முழுமையாகத் திரும்பியது. ஏறத்தாழ 32 மாதங்கள். உயிரிழந்த இந்திய வீரர்கள் ஏறத்தாழ 1,200 பேர். காயமுற்றவர்கள் அதைப்போல் இருமடங்குக்கும் அதிகம். தமிழரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25-ல் அங்கு உயிர்நீத்துப் பரம்வீர் சக்ரா விருதைப் பெற்றார். தமிழகத்தையும் கேரளத்தையும் சேர்ந்தவர்கள் நிறைந்த மெட்ராஸ் ரெஜிமெண்ட்டின் படைப்பிரிவுகளும் அங்கு களம் கண்டன.

அந்தப் படை சென்றது சரியா, தவறா என்ற வாதம் தமிழர்களிடையே இன்றும் ஓயவில்லை. யாழ்ப்பாண மருத்துவமனையில் 1987 அக்டோபரில் நடந்ததை மறக்க இயலாதவர்கள் உண்டு. திரும்பிய படையை வரவேற்க அன்றைய தமிழக முதல்வர் கருணாநிதி செல்லவில்லை. அதற்கான காரணத்தை அவர் மறைக்கவும் இல்லை. இந்த வாதத்தில் எந்தத் தரப்பில் நிற்பவரும் ஒன்றை ஒப்புக்கொள்வர். போரை முடிவு செய்தது தில்லி. கப்பல் ஏறச் சொன்னால் ஏற வேண்டியது சிப்பாயின் கடமை. கொள்கையின் பிழைக்குச் சிப்பாயின் பதிவேட்டைத் தண்டிப்பது எந்த நியாயத்திலும் சேராது. இன்னும் சொல்வதென்றால், எந்தப் படைப்பிரிவு எங்கே இருந்தது, யார் யார் அதில் இருந்தனர் என்ற பதிவு பிழையின்றி இருப்பது வீரர்களுக்கு மட்டுமன்றி, அந்தப் போரில் துயருற்ற மக்களின் வரலாற்றுக்கும் தேவை.

பதிவு எப்படி விடுபடுகிறது என்பதைப் புரிந்துகொள்வது கடினமன்று. ஒரு சிப்பாயின் இடமாற்றம், விடுப்பு, மருத்துவமனையில் சேர்ப்பு ஒவ்வொன்றும் அவரது படைப்பிரிவு வெளியிடும் "இரண்டாம் பகுதி ஆணை' வழியாக ஆவண அலுவலகத்துக்குச் சென்று, அவரது பணிப் பதிவேட்டில் ஏற வேண்டும். விலகும்போது எழுத்தர் அந்தப் பதிவேட்டைப் பார்த்தே படைவிலகல் சான்றை நிரப்புகிறார். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் போதும். அவசரமாக வேறொரு படைப்பிரிவுடன் இணைக்கப்பட்டவர், காயமுற்று விமானத்தில் தாயகம் கொண்டுவரப்பட்டு மருத்துவமனையிலிருந்து நேரே பயிற்சி மையத்துக்கு மாற்றப்பட்டவர் போன்றோரின் ஆணைகள் தவறிப்போக வாய்ப்பு அதிகம். மிக அதிகமாக இன்னலுற்றவரின் பதிவே மிக எளிதில் தொலைகிறது என்பதுதான் இதில் உள்ள கொடுமை.

இழப்பு வெறும் மரியாதை சார்ந்ததும் அன்று. உடற்குறையுடன் வெளியேறும் வீரர்களைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 2001 ஜனவரி 31-ம் தேதிய ஆணை ஐந்து பிரிவுகளாகப் பகுத்தது. அமைதி காக்கும் பணிக்காக வெளிநாட்டில் நிறுத்தப்பட்டிருந்தபோது நடவடிக்கையில் நேர்ந்த காயத்தை, எதிரியுடன் நிகழ்ந்த போரில் பெற்ற காயத்துக்குச் சமமாகக் கடைசிப் பிரிவில் அது வைத்தது. காயத்துக்குப் பின்னும் பணியில் நீடித்து ஓய்வு பெறுபவருக்கு, முழு உடற்குறைக்கான தொகை கடைசி ஊதியத்தில் 60 சதவீதம் என்றும் வகுத்தது. சாதாரணப் பணியால் நேர்ந்த உடற்குறை என்றால் அதே தொகை 30 சதவீதம்தான். ஆக, ஒரு வரி இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையே உள்ள தூரம் சரிபாதி ஓய்வூதியத் தொகை.

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தச் சிக்கல் இருமடங்கு. முதற் காரணம், அவர்கள் இடம் பெயராமலே அவர்களது முகவரி பெயர்ந்துகொண்டிருந்தது. 1956 நவம்பர் 1-க்கு முன் பாலக்காடு, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதை ஒட்டிய சித்தூரோ பழைய கொச்சி சமஸ்தானத்தின் பகுதி. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை ஆகியவை 1972 ஜனவரி 26-ல் இடுக்கி மாவட்டம் உருவாகும்வரை கோட்டயம் மாவட்டத்தில் இருந்தன. மூணாறு தேயிலைத் தோட்டத்திலிருந்து 1970-ல் படையில் சேர்ந்த ஓர் இளைஞரின் பதிவேட்டில் பிறந்த மாவட்டம் கோட்டயம். அவரது குடும்ப அட்டையிலோ இடுக்கி. இலங்கைக்குச் சென்றபோது அனுபவம் மிக்க ஹவில்தாராக இருந்திருக்கக்கூடிய தலைமுறை அது.

இரண்டாவது காரணம் பெயர். தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரே முதலெழுத்தாக நிற்கிறது. ஆள்சேர்ப்பு முகாமில் வடநாட்டு எழுத்தர் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய பெயர் ஒன்று. பள்ளிச் சான்றில் மலையாள உச்சரிப்பின் வழியே சென்ற பெயர் மற்றொன்று. ஆதார் அட்டையில் முதலெழுத்து விரிக்கப்பட்ட பெயர் இன்னொன்று. பாதுகாப்புத் துறை ஓய்வூதியங்கள் "ஸ்பர்ஷ்' எனும் கணினி முறைக்கு மாறிய பின், எழுத்து வேறுபாட்டை மனிதக் கண் பொறுத்துக்கொண்ட காலமும் போய்விட்டது.

மூன்றாவது, மொழியும் தொலைவும். மெட்ராஸ் ரெஜிமெண்ட்டின் ஆவண அலுவலகம் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் இருக்கிறது. பீரங்கிப் படைக்கு நாசிக். சிக்னல் படைக்கு ஜபல்பூர். மின், இயந்திரப் பொறியாளர் படைக்குச் செகந்திராபாத். மனு ஆங்கிலத்திலோ இந்தியிலோ செல்ல வேண்டும். மாவட்ட சைனிக் நல அலுவலகத்தில் மலையாளம். மொழிச் சிறுபான்மையினரான தமிழர்களும் கன்னடர்களும் அரசுடன் தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்தும் உரிமையைக் கேரளத்தின் 1969-ம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் அளித்தது. மாநில அலுவலகத்தில் பெற்ற அந்த உரிமை ராணுவ ஆவண அலுவலகத்தின் வாசலில் முடிந்துவிடுகிறது. கோழிப்பாறையிலும் மறையூரிலும் இருக்கும் முதியவர் மூன்று மொழிகளைக் கடந்துதான் தாம் பணியாற்றிய படையை அடைய வேண்டியிருக்கிறது.

காலமோ அவருக்காகக் காத்திருப்பதில்லை. ஓய்வூதியத் தகுதிக்குரிய 15 ஆண்டுகளை நிறைவு செய்யாமல் வெளியேறியவர்களின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடலாம் என்பது ராணுவ ஒழுங்குவிதி. அதன் பின் பெரும்பதிவேட்டில் சுருக்கமான குறிப்பு மட்டுமே எஞ்சும். இலங்கையிலிருந்து திரும்பிய 1990-லேயே விலகியவருக்கு அந்தக் கெடு 2015-ல் முடிந்துவிட்டது. இழுத்தடிப்பின் விலை வேறு இருக்கிறது. 1983-ல் உடற்குறையால் வெளியேற்றப்பட்டு 1999-ல் நீதிமன்றம் சென்ற தர்செம் சிங் வழக்கில், ஓய்வூதிய மறுப்பு தொடரும் தவறு என்பதை 2008-ல் ஏற்ற உச்ச நீதிமன்றம், நிலுவைத் தொகையை மட்டும் மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குக் குறுக்கியது. தாமதமாக விழித்த வீரர் இழந்தார். தாமதப்படுத்திய துறைக்கு லாபம்.

சட்டத்தின் உணர்வு வீரருக்கு எதிரானதன்று என்பதையும் குறிப்பிட வேண்டும். உடற்குறை ஓய்வூதியம் பற்றிய 1982-ம் ஆண்டு விதிகள், தகுதியை நிரூபிக்குமாறு மனுதாரரைக் கேட்கலாகாது, நியாயமான ஐயத்தின் பலன் அவருக்கே என்றன. களப்பணியில் இருந்தவர்களுக்கு அந்தப் பலனை இன்னும் தாராளமாக வழங்குமாறும் கூறின. 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்து, நிரூபிக்கும் பொறுப்பு பணியமர்த்தியவருடையது என்றது. ஆனால் விதிகள் 2008-லும் 2023-லும் மாற்றியமைக்கப்பட்டன. ஒவ்வொரு திருத்தத்தின்போதும் முன்னாள் வீரர்கள் பெற்றதைக் காக்கப் போராட வேண்டியுள்ளது. மேலும், களப்பணிக்குத் தாராளம் காட்டும் விதி, களப்பணியே பதிவாகாதவருக்கு எப்படிப் பயன்படும்?

அமெரிக்காவில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ராணுவப் பதிவுகளைத் திருத்துவதற்கென்றே தனி வாரியங்கள் அமைக்க 1946-ல் அங்கு சட்டம் இயற்றப்பட்டது. பிழையைக் கண்டறிந்த மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்றாலும், நீதியின் பொருட்டு அந்தக் கெடுவைத் தளர்த்தும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு. 1973 ஜூலை 12-ல் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் மூண்ட தீயில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீரர்களின் கோப்புகள் சாம்பலாயின. "கோப்பு எரிந்துவிட்டது' என்று அந்த அரசு கைவிரித்துவிடவில்லை. ஊதியப் பட்டியல், படைப்பிரிவின் அன்றாட அறிக்கை, மருத்துவமனைக் குறிப்பு ஆகியவற்றைத் தேடிப் பணி வரலாற்றை மீண்டும் கட்டியெழுப்பும் வேலை அங்கு தொடங்கியது.

நம்மிடமும் அத்தகைய மாற்று ஆதாரங்கள் இருக்கின்றன. படைப்பிரிவு எந்த நாளில் கடல் கடந்தது, எந்த நாளில் திரும்பியது என்பது அரசின் கையில் உள்ளது. ஊதியக் கணக்கு, பதக்கப் பட்டியல், ராணுவ மருத்துவமனைப் பதிவு, உடன் பணியாற்றியோரின் பட்டியல் எல்லாம் அரசிடம்தான் உள்ளன. எதுவும் சிப்பாயின் வீட்டுப் பெட்டியில் இல்லை. விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான ஓய்வூதியத்தில் இதே போன்ற சிக்கல் எழுந்தபோது, குற்ற வழக்கில் கோருவதைப் போன்ற ஆதாரத்தைக் கோரக்கூடாது, நிகழ்ந்திருக்கலாம் எனக் கருத இடமிருந்தாலே போதும் என்று குர்தியால் சிங் வழக்கில் 2001-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த அளவுகோல் சிப்பாய்க்கு மட்டும் ஏன் பொருந்தாது?

எனவே பாதுகாப்பு அமைச்சகம் செய்ய வேண்டியவை தெளிவானவை. இலங்கை உள்ளிட்ட வெளிநாட்டுப் பணிகளில் ஈடுபட்ட படைப்பிரிவுகளின் ஆள் பட்டியலைப் பணிப் பதிவேடுகளுடன் ஒப்பிட்டு, விடுபட்டதை ஆவண அலுவலகங்கள் மனு வராமலே சேர்க்க வேண்டும். மனு வந்தால் 90 நாள்களுக்குள் காரணத்துடன் கூடிய விடை அளிக்க வேண்டும். மாற்று ஆதாரங்களை ஏற்கும் தெளிவான விதி வேண்டும். வெளிநாட்டில் பணியாற்றிய படைப்பிரிவுகளின் ஆவணங்களை அழிப்பதை உடனே நிறுத்தி, எஞ்சியவற்றைக் கணினியில் ஏற்ற வேண்டும். துறையின் பிழையால் நேர்ந்த தாமதத்துக்கு மூன்று ஆண்டு வரம்பைக் காட்டி நிலுவையைக் குறைக்கலாகாது.

கேரள அரசுக்கும் தமிழக அரசுக்கும் இதில் பங்குண்டு. சித்தூர், தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களில் இரு மாநில சைனிக் நல அலுவலர்களும் வெலிங்டன் ஆவண அலுவலகமும் சேர்ந்து, தமிழில் மனுப் பெறும் முகாம்களை ஆண்டுதோறும் நடத்தலாம். மாவட்டப் பெயர் மாற்றத்துக்கும் பெயரின் எழுத்து வேறுபாட்டுக்கும் வட்டாட்சியரின் ஒரே சான்று போதும் என அறிவிக்கலாம். இதற்குப் பெரும் நிதி தேவையில்லை; மனம் இருந்தால் போதும். கொச்சியிலும் சென்னையிலும் ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்தின் அமர்வுகள் இருப்பது உண்மையே. ஆனால், துறை தானே திருத்த வேண்டிய எழுத்துப் பிழைக்கு எழுபது வயதுக்காரர் வழக்கறிஞரைத் தேடி அலைவது நிர்வாகமாகாது.

புதுதில்லியில் 2019 பிப்ரவரி 25-ல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தின் சுவர்களில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இலங்கையில் வீழ்ந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். கொழும்புக்கு அருகே அமைதி காக்கும் படைக்கு எழுப்பப்பட்ட நினைவிடத்தில் 2025 ஏப்ரலில் பிரதமர் மோடி அஞ்சலி செலுத்தினார். மறைந்தவர்களுக்குக் கல்லில் இடம் தந்த அரசு, உயிரோடு திரும்பியவர்களுக்குக் காகிதத்தில் ஒரு வரி தரத் தயங்கலாகாது. சென்றவர்கள் எல்லோரும் இன்று முதியவர்கள். அவர்கள் இருக்கும்போதே அந்த வரி எழுதப்பட வேண்டும்.