விட்டு விட்டு வரும் கோளாறும் விட்டுவிடாத மூடத்தனமும்

பைபர் படகில் கடலுக்குப் போகும் தோழர்களுக்கு நன்றாய்த் தெரிந்த சங்கதி ஒன்றுண்டு. கரையில் முதல் இழுப்பிலேயே கிளம்பும் அவுட்போர்டு என்ஜின், கடலில் அரைமணி ஓடியதும் திடீரென்று நின்றுவிடுகின்றது. பத்துத் தடவை கயிற்றை இழுத்தாலும் உயிர் வருவதில்லை. சற்றுப் பொறுத்து இழுத்தால் ஒன்றும் நடவாததுபோல் ஓடுகின்றது. கரைக்குக் கொண்டுவந்து காட்டினாலோ ஒரு குற்றமும் தெரிவதில்லை.

எப்போதும் இருக்கும் கோளாறுக்கு யாரும் பூசாரியைத் தேடுவதில்லை. உடைந்த விசிறியைக் கண்டால் வேறு விசிறி வாங்குகின்றோம். வருவதும் போவதுமாயிருக்கும் கோளாறுதான் பூசாரிக்குப் பிழைப்பு. உடனே திருஷ்டி என்கிறார்கள். எலுமிச்சம்பழமும் மிளகாயும் என்ஜினில் தொங்குகின்றன. கோவில் திருநீறானாலும், மாதா கோவில் மெழுகுவர்த்தியானாலும், தர்க்கா தகடானாலும் நமக்கு வித்தியாசமில்லை. சடங்கு முடிந்ததும் என்ஜின் ஓடுகின்றதே என்று கேட்பார்கள். ஓடத்தான் செய்யும்! சடங்குக்குப் பிடித்த அரைமணியில் சூடான காயில் ஆறிவிட்டது. ஆற்றியது காற்று, தட்சணை பூசாரிக்கு!

பூசாரியை விட்டுவிட்டோம் என்று மார்தட்டும் சிலர் இன்னொரு பூசாரியிடம் போய் விழுகின்றார்கள். சோதிக்காமலே பிளக்கை மாற்று, காயிலை மாற்று, சி.டி.ஐ. பெட்டியை மாற்று என்று சொல்லும் மெக்கானிக்கைத்தான் சொல்லுகின்றோம். மாற்றுவதற்குள் என்ஜின் ஆறிவிடும், ஓடும், பணமும் போகும், மறுவாரம் கடலில் மறுபடியும் நிற்கும். காரணம் கேட்டால், "அதெல்லாம் உனக்குப் புரியாது" என்பார். "உனக்குப் புரியாது" என்பதைவிடப் பழைய மந்திரம் இந்த நாட்டில் வேறெது?

புரியாததற்கு இதில் என்ன இருக்கின்றது? காந்தம் காயிலின் பக்கத்தில் அசைந்தால் மின்சாரம் பிறக்குமென்று 1831-இல் கண்டுகாட்டிய மைக்கேல் பாரடே ஒரு கொல்லர் மகன். புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர். என்ஜின் சக்கரத்திலுள்ள காந்தம் சுற்றுகின்றது, காயிலில் மின்சாரம் பிறக்கின்றது, அது சி.டி.ஐ. பெட்டி வழியாய்ப் பிளக்கில் பொறியாகின்றது. இந்த வழியில் ஏதோ ஓரிடம் சூட்டிலோ, குலுக்கலிலோ, உப்புநீரிலோ விட்டுப்போகின்றது. அவ்வளவுதான்.

ஆகவே, கோளாறு எப்போது வருகின்றதோ அப்போதே சோதிக்க வேண்டும். பெட்ரோல் வாடை இல்லாதபடி பார்த்துக்கொண்டு, நின்ற அந்த நிமிஷத்திலேயே ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிக் கயிற்றை இழுங்கள். பொறி நன்றாயிருந்தால் மின்சாரத்தின்மேல் பழியில்லை. எண்ணெய் வரும் வழியைப் பாருங்கள். பொறி இல்லையானால் மீட்டரை எடுத்து, சூட்டோடு சூடாய்க் காயிலின் ஓம் அளவைப் பாருங்கள். ஆறியபின் மறுபடியும் பாருங்கள். சூட்டில் சற்றுக் கூடுவது இயற்கை. அடியோடு அறுந்ததுபோல் காட்டினால் உள்ளே மயிரிழை வெடிப்பென்று அர்த்தம். அந்தக் காயிலை மாற்றுவது நியாயம்.

அல்லாமலும், சிறிய என்ஜின்கள் பலவற்றில் நிறுத்தும் பொத்தானின் கம்பிதான் திருடன். அதன் வேலையே மின்சாரத்தை என்ஜின் உடம்பில் விட்டுப் பொறியைக் கொல்வது. உறை தேய்ந்து அலையின் குலுக்கலில் உடம்பைத் தொட்டால், நீங்கள் பொத்தானை அழுத்தாமலே அது அழுத்திவிடும். கரையோரத்தில் அதைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள். கோளாறு மறைந்தால் கம்பியோ பொத்தானோ குற்றவாளி. அப்போது சோக்கை இழுத்து என்ஜினை நிறுத்த முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பழுது பார்த்துத் திரும்ப மாட்டாமல் கடலுக்குப் போகாதீர்கள்.

பேட்டரியில் கிளம்பும் என்ஜினில், நன்றாய் ஏற்றி ஓய்ந்திருக்கும் பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். அதை நம்பி ஏமாறாதீர்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஒரே கம்பியின் இரு நுனிகளிலும் மீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தக் கம்பியிலோ இணைப்பிலோ கோளாறு. உறைக்குள் செம்பு பச்சை பூத்திருக்கும். அதை முறுக்கி டேப் சுற்றுவது பிணத்துக்குப் பட்டுச் சட்டை போடுவதுதான். ஈயம் பூசிய செம்புக் கம்பியும், நீர் புகாத இணைப்புமே மருந்து. எரிந்த பியூசுக்குப் பதிலாய் வெறுங்கம்பி சுற்றுவது படகுக்கு நீங்களே வைக்கும் கொள்ளி.

இதென்ன அற்ப விஷயம் என்பார்கள் சில பெரிய மனிதர்கள். அவர்கள் கரையில் தூங்குகின்றவர்கள். நடுக்கடலில் என்ஜின் நின்றால் படகு நீரோட்டத்தின் இஷ்டப்படி போகும். 1974-இலும் 1976-இலும் இரு சர்க்காரும் கடலில் கிழித்த கோடு அந்த நீரோட்டத்துக்குத் தெரியுமா? அந்தப் படகிலிருப்பவனுடைய பெண்சாதி பிள்ளைகளுக்குப் பூசாரி பதில் சொல்லுவாரா, பாகம் விற்றவர் பதில் சொல்லுவாரா என்று கேட்கின்றோம்.

சில நூறு ரூபாய்க்கு மீட்டர் கிடைக்கின்றது. திருஷ்டி கழிக்கும் காசைச் சேர்த்தாலே அதை வாங்கிவிடலாம். காரணமில்லாமல் ஒரு பொறியும் அணைவதில்லை. காரணத்தைத் தேடுகிறவனுக்கு எந்தப் பூசாரியும் வேண்டியதில்லை. தோழர்கள் சிந்திப்பார்களாக!